கண்ணை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள்

என் அப்பா அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். மரம் செதுக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தேய்ந்த பிளேடுகளைத் தீட்டி உளியாக்கி, காற்றில் சாய்ந்த வேம்புகளில் செதுக்கிச் செதுக்கித் தானாகப் படித்துக்கொண்டார்.

சாஸ்தா கோயிலுக்கு மரக்குதிரை கேட்டார்கள். கார் அறுப்பு முடிந்ததிலிருந்து அடுத்த போகமான பிசான அறுப்பு தொடங்கும்வரை அதிலேயே கிடந்தார். கால், பிடரி, சேணம் எல்லாம் முடிந்தன. கண் மட்டும் பாக்கி. கண் திறந்த பிறகுதான் அது சாமி ஏறும் குதிரை, அதுவரை மரம். குதிரை குனிந்து சனங்களைப் பார்க்கவேண்டும் என்று இமைகளுக்குத் தாராளமாக மரம் விட்டுவைத்திருந்தார்.

கோயில் நிர்வாகி ஆட்களோடு வந்து சுற்றிப் பார்த்தார்.

“வேலை நல்லாத்தான் இருக்கு வே. கண்ணை மட்டும் விட்டுரும். வெளியூர் ஸ்தபதி வாராரு.”

“நானே தொறந்துருவேன் அண்ணாச்சி.”

“அதுக்குப் பரம்பரை வேணும்லா? அறுப்பு மெஷின் ஓட்டுதவன் தொறந்தா சாமி வயக்காட்டுக்குல்லா போயிரும்!”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

“அப்போ காலு, வாலு? அதுவும் பரம்பரை இல்லாத கை செதுக்குனதுதானே? கழத்தி வச்சிட்டுக் கொண்டுபோங்க” என்றேன்.

“பிள்ளையை ரொம்பப் படிக்க வச்சிட்டீரு வே.”

“ஏட்டி, பைய” என்று அப்பா என்னை அடக்கினார்.

முறை என்கிறார்கள். வெயிலில் அவர் மரம் அறுத்தபோது அந்த முறை எங்கே போயிருந்தது? யார்மேல் கோபம் என்று பிரித்துப் பார்த்தேன். நிர்வாகி. சிரித்தவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவின் அந்தச் சிரிப்பு. ஸ்தபதிமேல் இல்லை, கூப்பிட்டார்கள், வந்தார்.

திரைக்குள்ளே ஸ்தபதி கண் திறந்தார். அப்பா வெளியே கூட்டத்தோடு நின்றார். திரை விலகியபோது, இமைக்கு விட்ட மரமெல்லாம் குடையப்பட்டு, குதிரை எங்கள் தலைக்கு மேலே எதையோ முறைத்தது. எல்லாரும் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. அப்பா கும்பிட்டார், அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த ஆண்டு அதே கோயிலுக்கு மரயானை கேட்டு வந்தார்கள். “சரி” என்றார் அப்பா. அன்று முழுவதும் நான் அவரிடம் பேசவில்லை.

மறுநாள் காலையில் உளிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பட்டைகூட முழுதாக உரிக்காத கட்டையில் இரண்டு கண்கள். தணிந்த இமைகள். காலும் இல்லை, தும்பிக்கையும் இல்லை. பார்வை மட்டும் இருந்தது.

நிர்வாகி வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். “என்ன வே இது? கண்ணை யாராவது மொதல்ல வெட்டுவானா?”

“கண்ணு தொறந்தாச்சு அண்ணாச்சி. இனி ஒடம்புதான் பாக்கி. அதுக்கு வேணும்னா ஸ்தபதியைக் கூப்பிடுங்க.”

கட்டையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யானைக்கு வேறு ஊரில் ஆள் பிடித்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதற்குள் அப்பா தும்பிக்கையைத் தொடங்கியிருந்தார்.