சயாம் பாப்பாவும் வாய் மேல் விரலும்

எழுபதுகளின் ஆரம்பம். கிழக்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். கணவருக்கு ரயில்வேயில் வேலை. நானோ டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். சும்மா உட்காரத் தெரியாத உடம்பு, சும்மா இருக்கத் தெரியாத வாய். வீட்டு முன்பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, உதவிக்கு ஓர் ஆயாவை வைத்துக்கொண்டு நர்சரி ஆரம்பித்துவிட்டேன்.

என் நர்சரிக்கு அந்த வட்டாரத்தில் ரொம்ப நல்ல பெயர். எதற்கு என்கிறீர்கள்? பாட்டுக்கோ படிப்புக்கோ இல்லை, அமைதிக்கு! "அந்த மிஸ்கிட்ட விட்டா எந்த வாலும் பெட்டிப்பாம்பா அடங்கிடும்" என்பார்கள். குழந்தை சேர்ந்த முதல் நாளே முதல் பாடம், "கையைக் கட்டு, வாய் மேல விரல் வை." அ, ஆ எல்லாம் அதற்கு அப்புறம்தான். அன்றைக்கு எல்லா நர்சரியிலும் அப்படித்தான். என்னிடம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஒரு ஜூன் மாதக் காலை. ஆயா உள்ளே ஓடி வந்தாள். "மிஸ், ஃபாரின் அம்மா ஒண்ணு கொயந்தையோட வந்துகினு கீது!"

போய்ப் பார்த்தேன். சிரித்த முகத்தோடு ஓர் இளம்பெண். கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பெண் குழந்தை, நெற்றி மேல் நேராக வெட்டிய முடி, கொழுகொழு கன்னம். தாய்லாந்திலிருந்து வந்தவர்கள். அப்போது நாங்கள் சயாம் என்றுதான் சொல்வோம். கணவர் பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்திருந்தார். இன்னும் இரண்டு வருஷம் இங்கேதான். அந்தம்மாவுக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷும் சேர்ந்து ஒரு மாதிரி ஒப்பேற்றினோம்.

கான்வென்ட்டில் விசாரித்தார்களாம். அங்கே சேர்த்தால் ஸ்காலர்ஷிப் பணம் மொத்தமும் ஃபீஸுக்கே போய்விடுமாம். "அதோடு, தெருப் பிள்ளைகள் இவளை விளையாடக் கூப்பிடுகிறார்கள். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் எங்கள் பாஷையில் வாய் ஓயாமல் பேசுகிறவள், வாசலுக்குப் போனால் திருதிருவென்று முழிக்கிறாள். இவளுக்கு உங்கள் பாஷை வேண்டும்" என்றார் அந்தம்மா.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடல் தாண்டி வந்த ஒருத்தி, கான்வென்ட்டை விட்டு என் கீற்றுக் கொட்டகைக்கு வந்து தமிழ் கேட்கிறாள்! "கவலையே படாதீங்க. உங்க பொண்ணு தமிழ்ல சண்டை போடற அளவுக்கு ஆக்கிக் காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

விஷயம் தெருவில் பரவியது. ஃபாரின் குழந்தை என்றால் இங்கிலீஷ் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு முடிவு. ஒரு ஹெட் கிளார்க் தன் பையனைக் கூட்டிவந்து, "மிஸ், இவனை அந்தப் பாப்பா பக்கத்துல உக்கார வைங்க. இங்கிலீஷ் தானா ஒட்டிக்கும்" என்றார்.

"சார், அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தெரியாது" என்றேன். நான் ஏதோ தொழில் ரகசியத்தை மறைப்பது போல அவர் சிரித்துவிட்டுப் போனார். பாப்பா உட்காரும் அந்த ஒரு பாயில் இடம் பிடிக்க அம்மாக்களுக்குள் அடிதடி நடக்காத குறை.

பாப்பா தங்கமான பாப்பா. காலையில் வந்ததும் செருப்பை வரிசையில் விடும். பாயில் உட்காரும். கையைக் கட்டிக்கொண்டு, வாய் மேல் விரலை வைத்து, என்னை அப்படியே பார்க்கும். அழுகை இல்லை, அடம் இல்லை. "பாருங்க, ஊர் விட்டு ஊர் வந்த குழந்தை எவ்வளவு சமத்தா இருக்கு!" என்று மற்றதுகளுக்குக் காட்டிக் காட்டி மாய்ந்துபோனேன். பேச்சு வரவில்லை, வாஸ்தவம்தான். வரும், எங்கே போய்விடும் என்று இருந்தேன்.

மழைக்காலம் பிறந்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாக் குழந்தைகளும் போன பிறகு அந்தம்மா குடையோடு வந்து நின்றார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் நண்பர் பாங்காக் போகிறார். இவளை அவரோடு அனுப்பிவிடப் போகிறோம். என் அக்காவிடம் இருப்பாள்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ரெண்டு வருஷம் பெத்த குழந்தையை விட்டுட்டு இருப்பீங்களா?"

அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்கே இவள் பேசுவதையே விட்டுவிட்டாள். தமிழை விடுங்கள், வீட்டில் எங்கள் பாஷைகூடப் பேசுவதில்லை. ஊரில் அக்கா பிள்ளைகளோடு இருந்தாலாவது திரும்பப் பேசுவாளோ என்னவோ" என்றவர், குழந்தையிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். மிஸ்ஸிடம் விடை பெற்றுக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். பாப்பா என் முன்னால் வந்து நின்றது. கையைக் கட்டியது. வாய் மேல் விரலை வைத்தது. தலையை லேசாகத் தாழ்த்தியது.

"உங்களை ஒன்று கேட்க வேண்டும்" என்றார் அந்தம்மா. "எங்கள் ஊரில் கைகூப்புகிற மாதிரி உங்கள் ஊரில் இதுதான் மரியாதையா? யார் வந்தாலும் இதைத்தான் செய்கிறாள். நான் பேச ஆரம்பித்தால் என் விரலையும் எடுத்து என் வாய் மேல் வைக்கிறாள்."

அடக் கடவுளே! பேச்சுக் கற்றுக்கொள்ள வந்த குழந்தை, நான் சொல்லித்தந்த பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் கற்றுக்கொண்டிருக்கிறது. நல்ல பிள்ளை என்றால் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்து வீட்டிலும் கடைப்பிடிக்கிறது. நான்தான் தினமும் மெச்சி மெச்சி உரம் போட்டிருக்கிறேன்.

விரலுக்கு என்ன அர்த்தம் என்று அந்தம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடித்த கையோடு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது பேசும். பேசலைன்னா நானே வந்து பெட்டி கட்டித் தர்றேன்" என்றேன்.

மறுநாள் காலை நடுவில் நின்றுகொண்டு அறிவித்தேன். "இன்னிக்கிலேருந்து வாய் மேல யாரும் விரல் வைக்கக் கூடாது. எல்லாரும் சத்தமாப் பேசுங்க. கத்துங்க!"

ஒரு குழந்தை அசையவில்லை. அத்தனையும் விரலை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டன. ஹெட் கிளார்க் பையன் மட்டும் விரலுக்குப் பின்னாலிருந்து, "கத்தினா அடிப்பீங்களா மிஸ்?" என்றான். அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறேன் நான்!

அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்தது. பாடம் நடக்கும்போது அதைத் திரும்பிப் பார்க்கக்கூட விட்டதில்லை. விறுவிறுவென்று வேலிப் படலுக்குப் போய் நின்று, வெட்கத்தை விட்டு, "ஓ...ஹோ!" என்று கத்தினேன். தெருவில் போன தயிர்க்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி பிள்ளைகள் எல்லாம் வேலிக்கு ஓடிவந்து போட்ட கூச்சல் இருக்கிறதே, கொட்டகையே ஆடியது. பாப்பாவும் வந்தது. விரல் இறங்கியிருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு ரயிலுக்கும் கூச்சல்தான். ஹெட் கிளார்க் வந்தார். "என்ன மிஸ், இது ஸ்கூலா சந்தைக்கடையா?"

"சந்தைக்கடைதான் சார். இங்க பேச்சு விக்கிறோம்" என்றேன். மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழனும் போனது. பாப்பா சிரித்தது, ஓடியது, கைதட்டியது. பேசவில்லை. "பாப்பா ஊருக்குப் போயிடுமா மிஸ்? மன்சு ஒரே பேஜாரா கீது" என்று ஆயா மூக்கைச் சிந்தினாள். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. வாக்குக் கொடுத்தவள் நான். தாயையும் பிள்ளையையும் பிரித்து அனுப்பப் போகிறவளும் நானேதானோ என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை. தண்ணீர்ப் பானை முன்னால் குழந்தைகள் வரிசையாக நின்றன. ஆயா மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹெட் கிளார்க் பையன் பாப்பாவைத் தள்ளிவிட்டு முன்னால் புகுந்தான். பாப்பா இரண்டு கையையும் இடுப்பில் வைத்தது.

"தோ! நான் மொதோ வந்தேன்! நீ அப்பால போ!"

ஆயா கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. "மிஸ்! பாப்பா பேசிச்சு மிஸ்! அய்யே, என்னை மாதிரியே பேசுது!"

நான் எங்கே நின்றேன்? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுத் தெருவில் ஓடினேன். சமைத்துக்கொண்டிருந்த அந்தம்மாவை அப்படியே கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வந்து பார்த்தால், பானைப் பக்கத்தில் சண்டை உச்சத்தில் இருக்கிறது. பாதித் தமிழ், பாதி சயாம். பூட்டி வைத்ததெல்லாம் மடை திறந்தாற்போல் கொட்டுகிறது.

"என்ன சொல்கிறாள்?" என்றார் அந்தம்மா மூச்சு வாங்க.

"சண்டை போடறா. தமிழ்ல!" என்றேன்.

அந்தம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார், மறுபடி சிரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர் தனியாகத்தான் பாங்காக் போனார்.

அப்புறம் பாப்பாவை யாராலும் நிறுத்த முடியவில்லை. நான் சொல்லித்தந்த தமிழ் கொஞ்சம், ஆயாவின் தமிழ் ஏராளம். பாவம் ஹெட் கிளார்க்தான் புலம்பினார். "இங்கிலீஷ் வரும்னு பார்த்தா, எம் பையன் வீட்ல சயாம் பாஷையில சோறு கேக்கறான் மிஸ்!"

படிப்பு முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நானும் ஆயாவும் போயிருந்தோம். ஆயா ஓவென்று அழுதுவிட்டாள். நான் பெரிய மனுஷி மாதிரி நின்றேன். பாப்பா பக்கத்தில் வந்தது. விம்மல் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பாப்பா என்னை ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தது. எக்கி என் கையைப் பிடித்தது. வாயிலிருந்து இழுத்து இறக்கியது.

"இன்னா மிஸ்? கைய எடு. பேசு."

அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் எதையெதையோ பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தக் கொட்டகையில் நர்சரி நடத்தினேன். ரயில் போனால் ரயிலைவிட எங்கள் சத்தம்தான் அதிகம். இன்றைக்கும் எந்த வீட்டிலாவது குழந்தை கத்தினால் பழைய பழக்கத்தில் என் விரல் வாயை நோக்கிக் கிளம்பும். பாதி வழியில் ஒரு குட்டிக் கை அதைப் பிடித்து இறக்கிவிடும்.