பிசிறு நீக்கிய குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஆம்பூரில் நடந்தது இது. பங்குனி வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. நான் அன்றும் இன்றும் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறேன். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரித்து, பசை வழிந்திருந்தால் துடைத்து, தையல் கோணியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். பதினாறு வருடமாக இதே வேலை. என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு ஜோடி வெளியே போனதில்லை என்கிற திமிர் எனக்கு உண்டு. லைனில் தைக்கிற பெண்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'ரிஜெக்ட் அக்கா' என்பார்கள். தெரிந்தும் நான் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

என் டேபிளுக்கு எதிரே மூன்றாவது மெஷினில் ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் தைத்ததைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய்ப்பே தரமாட்டாள், அப்படி ஒரு கை. அதைவிடப் பெரிய விஷயம், பாடுவாள். சினிமாப் பாட்டு இல்லை. தன் பெண் குழந்தைக்காக அவளே இட்டுக்கட்டிய பாட்டுகள். பல் தேய்க்க ஒன்று, சோறு ஊட்ட ஒன்று, கரண்ட் போனால் பயப்படாமல் இருக்க ஒன்று. கம்பெனி பஸ்ஸில் அவள் பாடினால் டிரைவர் ரேடியோவை அணைத்துவிடுவார்.

அந்தத் தொண்டை கம்மத் தொடங்கியது. சளி என்றாள். மெஷின் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசுகிறோமே, அதனால்தான் என்றோம் நாங்கள். ஆறு மாதம் கஷாயத்திலும் மாத்திரையிலும் ஓடிவிட்டது. கடைசியில் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, குரல்வளையில் புற்றுக்கட்டி என்று சொல்லிவிட்டார்கள். குரல்வளையை எடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பழைய குரல் திரும்பாது, கழுத்தில் ஒரு துளை வைத்து அதன் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். ஆபரேஷனுக்கு இருபத்திரண்டு நாள் கழித்து தேதி கொடுத்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உன் வீட்ல லேப்டாப் இருக்குதில்ல? என் கொரலை அதுல புடிச்சி வெச்சிக் குடுக்கா. பாப்பாவுக்கு மூணு வயசுதான் ஆவுது. நாளைக்கி அதுக்கு இன்னா ஞாபகம் இருக்கப் போவுது?"

அவள் அழவில்லை. நான்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதை என்கிட்ட உட்டுடு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். என் லேப்டாப் பழையது. கம்பெனி ரிப்போர்ட் டைப் அடிப்பதையும் கரண்ட் பில் கட்டுவதையும் தவிர அதில் வேறொன்றும் நான் செய்ததில்லை. வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு எளிதான சாப்ட்வேர் எது என்று தேடினேன். ஒன்று கேட்டால் நூறு வந்து நின்றது. நானும் என் புத்தியைக் காட்டினேன். ஒரு நோட்டை எடுத்து, கம்பெனி ரிஜிஸ்டர் மாதிரியே கட்டம் போட்டு, பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்று தலைப்பு எழுதிவிட்டேன்.

முதலில் இறக்கியதைத் திறந்தால் திரை முழுக்கப் பட்டன். எதைத் தொட்டாலும் இன்னொரு ஜன்னல் திறந்தது. லேப்டாப் மூச்சு முட்டி நின்றுபோனது. அது ரிஜெக்ட். இரண்டாவது இலவசம், பார்க்கவும் பழைய மோஸ்தராக இருந்தது. சிவப்புப் பட்டனை அமுக்கினால் பதியும், சதுரப் பட்டனை அமுக்கினால் நிற்கும். அவ்வளவுதான். சும்மா கொடுக்கிற பொருளில் ஏதோ கோளாறு இருக்கும் என்று அதையும் தள்ளினேன். மூன்றாவது அழகாக இருந்தது, ஆனால் பதிந்ததைச் சேமிக்கப் போனால் பூரா விலையைக் கட்டச் சொன்னது. நான்காவதில் டிரம்ஸ், வீணை எல்லாம் தானாக வாசிக்கும் என்றார்கள். அதற்காக மூன்று நாள் வீடியோ பார்த்தேன். வீடியோவில் ஒருவர் நல்லது என்றதை இன்னொருவர் குப்பை என்பார். இப்படியே பன்னிரண்டு நாள் போய்விட்டது.

இதற்கிடையில் அவள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, காற்று கலந்து வருகிற குரலில் கேட்பாள். "அக்கா, போன்லயே பேசி வெச்சிடலாமே?"

"சும்மா இரு. போன்ல புடிச்சா தகர டப்பாவுல தட்டுனா மாதிரி இருக்கும். பாப்பா ஆயுசுக்கும் கேக்கப் போற சாமான். ஒழுங்கா செய்வோம்."

அவள் தலையாட்டுவாள். ஒரு வாரம் முந்திப் பிடித்திருந்தால் அவளுக்கு மேல் சுருதி எட்டியிருக்கும். அது பிறகுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில், சுற்றிச் சுற்றி இரண்டாவதாகத் தள்ளிவைத்த அந்த இலவச சாப்ட்வேருக்கே வந்தேன். சிவப்புப் பட்டன், சதுரப் பட்டன். ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டது. ஐந்து நிமிட வேலைக்குப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டவள் நான்.

அவள் வீடு மெயின் ரோட்டுக்குப் பின்னால், மாடியில். லாரி ஹாரனும் பக்கத்து வீட்டு கிரைண்டரும் இல்லாத நேரமே கிடையாது. அதனால் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளைத் தேர்ந்தெடுத்தோம். இருவரும் லீவு போட்டோம். ஜன்னலில் போர்வை கட்டினோம். எதிரொலி வராமல் இருக்க பீரோவைத் திறந்து புடவைகளைத் தொங்கவிட்டோம். கீழ் வீட்டு பாபியிடம் விஷயத்தைச் சொன்னதும், பள்ளிவாசலில் மதியம் பாங்கு முடிந்த பிறகு ஆரம்பியுங்கள், நீங்கள் முடிக்கிற வரை நானும் அம்மியில் கை வைக்கமாட்டேன் என்றார். மின்விசிறி ஓடாத அறையில் வியர்வை வழிய வழிய, லேப்டாப்பில் இருக்கிற சார்ஜ் தீர்வதற்குள் முடிக்க வேண்டும் என்று சிவப்புப் பட்டனை அமுக்கினேன்.

ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுத்தி நிறுத்திப் பதிய நேரமில்லை. ஒரேயடியாக ஓட விட்டேன். ஐம்பது நிமிடம் ஓடியது. அதில் ஐந்து பாட்டு வந்தது. பாட்டுக்கு நடுவில் என்னென்னவோ வந்தது. இருமினாள். தண்ணீர் குடித்தாள். ஒரு அடி தப்பியதும் "ச்சீ, திரும்ப மொதல்லேர்ந்து" என்றாள். லேப்டாப்பில் செருகியிருந்த மைக்கைக் குழந்தை பிடுங்க வந்தபோது, "ஏய் கழுத, அதைத் தொடாத. இங்க வா. அம்மா மடியில உக்காரு. என் தங்கம் இல்ல" என்றாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்தது. மூச்சுத் திணறச் சிரித்தாள். நடுவில் கதவருகே போய்த் தன் வீட்டுக்காரரை ஏதோ திட்டிவிட்டு வந்தாள். நான் உள்ளுக்குள் பேஜாராகிக்கொண்டிருந்தேன். இத்தனை பிசிறை நான்தானே உட்கார்ந்து வெட்ட வேண்டும்.

வெட்டினேன். அடுத்த இரண்டு நாள் கம்பெனி விட்டு வந்ததும் அதே வேலை. இருமலை வெட்டினேன். தண்ணீர் குடித்த சத்தத்தை வெட்டினேன். பேச்சு, சிரிப்பு, திட்டு, எல்லாவற்றையும் நூல் பிசிறு கத்தரிப்பது போல ஒட்டக் கத்தரித்தேன். இரைச்சலை நீக்க ஒரு பட்டன் இருந்தது. அதையும் அமுக்கினேன். அவள் குரலில் இருந்த கரகரப்பு பாதி காணாமல் போய் வழவழவென்று ஆகிவிட்டது. நல்லதாகப் போயிற்று, நோயின் தடமே தெரியவில்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஐந்து பாட்டையும் தனித்தனியாகச் சேமித்தேன். லேப்டாப்பில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்ததால், அந்த ஐம்பது நிமிடப் பதிவை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

பென் டிரைவைக் கொடுத்தபோது அவள் ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். "கேட்டுப் பாரு" என்றேன். "வந்து கேக்கறேன்க்கா. இப்ப கேட்டா அழுதுடுவேன்" என்றாள். என்னிடம் அவள் குரலால் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். கழுத்தில் துணி கட்டியிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாய் திறந்து, சத்தம் வராமல், போனை எடுத்து டைப் செய்து காட்டினாள். பழகிவிடும், கருவி வைத்துப் பேசப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

நான் பெருமையாகப் பாட்டைப் போடச் சொன்னேன். வீட்டுக்காரர் டிவியில் பென் டிரைவைச் செருகினார். சோறு ஊட்டும் பாட்டு வந்தது. எந்தக் குறையும் இல்லை. குழந்தை நிமிர்ந்து டிவியைப் பார்த்தது. யாரோ பாடுகிறார்கள் என்பது போல ஒரு பார்வை. பிறகு தன் பாட்டுக்குச் சொப்பு வைத்து விளையாடப் போய்விட்டது.

அவள் டைப் செய்து போனை என் பக்கம் திருப்பினாள். 'இது வேணாம்க்கா. அவளைக் கூப்பிட்டேன் இல்ல, திட்டினேன் இல்ல, சிரிச்சேனே. அதைப் போடு.'

"அதெல்லாம்... பாட்டுக்கு நடுவுல வந்துதே... அதை எடுத்துட்டேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. 'எடுத்து எங்க வெச்ச?' என்று எழுதினாள்.

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவளால் திட்டவும் முடியாதே. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து உள்ளே போனாள். வீட்டுக்காரர் எனக்கு டீ கொடுத்தார். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாணியம்பாடியில் ஒரு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். அழித்ததை மீட்டுத் தருவதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். அரை நாள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "அழிச்சதோட உட்டிருந்தா எடுத்திருக்கலாம்மா. அதுக்கப்புறம் அந்த எடத்துல வேற ஏதோ பெருசா ஏத்தியிருக்கீங்களே" என்றார்.

ஏற்றியிருந்தேன்தான். பாட்டு நன்றாக வந்த மிதப்பில், இதைவிட நல்ல சாப்ட்வேர் இருக்கிறதா பார்ப்போம் என்று மறுவாரமே இன்னும் இரண்டை இறக்கி வைத்திருந்தேன். அவள் சிரிப்பு இருந்த இடத்தில் அவை உட்கார்ந்திருந்தன.

வேறு எங்காவது அவள் பேச்சு இருக்குமா என்று தேடினோம். வீட்டுக்காரர் கூடவே இருக்கிறவர், அவருக்கு அவள் எதற்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் போகிறாள். குழந்தையின் பிறந்தநாள் வீடியோ ஒன்று இருந்தது, அதில் ஸ்பீக்கர் சத்தத்தில் யார் குரலும் கேட்கவில்லை. கடைசியில் என் போனில்தான் ஒன்று கிடைத்தது. நோய் வருவதற்கு முன்னால் எப்போதோ அனுப்பியது. ஏழு வினாடி. "அக்கா... யக்கா, பஸ்ஸை உட்டுட்டேன். ஷேர் ஆட்டோல வர்றேன்." பின்னால் லாரி ஹாரன், காற்று, ஓடி வந்த மூச்சிரைப்பு. என் டேபிளுக்கு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரிஜெக்ட் போட்டிருப்பேன். அதை அப்படியே, ஒரு நொடிகூட வெட்டாமல், அவர்களுக்கு அனுப்பினேன்.

அவள் இப்போது கருவி வைத்துப் பேசுகிறாள். ஒரே சுருதியில் வரும் பேச்சு. தையலுக்குத் திரும்பிவிட்டாள். என்னோடு பழையபடிதான் இருக்கிறாள், குழம்பு கொடுக்கிறாள், வாங்கிக்கொள்கிறாள். அந்தப் பதிவைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வார்த்தை எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கக் கூடத் தைரியம் வரவில்லை.

போன மாதம் வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் பார்த்தேன். குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. அந்த ஏழு வினாடியைத்தான் தினமும் போடச் சொல்கிறாளாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு, 'அக்கா' என்று கேட்டதும், "இன்னாம்மா" என்று பதில் சொல்கிறாளாம்.

"பாப்பா, அவ அம்மா அவளத்தான் அக்கான்னு கூப்புடுறதா நெனச்சிக்கினு இருக்குது" என்று சொல்லி அவர் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெற்ற பிள்ளையை அவள் தங்கம் என்று கூப்பிட்ட குரலைக் குறை என்று வெட்டி எறிந்துவிட்டு, என்னைக் கூப்பிட்ட குரலை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன் என்கிற நினைப்பு, கத்தரியைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு காலையும் எனக்கு வருகிறது.