நாலடிக்கு ஓர் அல்லி

1. குளமா, வேன் நிறுத்துமிடமா

ஹட்டனுக்கு மேலே, தோட்டத்துப் பழைய தொரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியபோது, தேயிலை மலையில் கங்காணியாக இருந்த என்னைப் பூந்தோட்டத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். முதல் நாள் காலையிலேயே மேனேஜர் என்னைக் குளத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இலை மட்கிக் கறுத்த தண்ணீர். நடுவில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கால் நீட்டிக் கிடந்தது.

"பாருங்க கங்காணி, இதுக்கு ரெண்டு வழிதான். வர்ற ஏப்ரல் சீசனுக்குள்ள பூ பூத்து, மேல்மாடியில நின்னு போட்டோ எடுக்குற மாதிரி ஆகணும். இல்லாட்டி மண்ணைப் போட்டு மூடிட்டு வேன் நிறுத்துற எடமாக்கிருவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிராக்டர்க்காரரிடம் மண்ணுக்குப் பேசியே வைத்திருந்தார்.

எனக்கு அந்தக் குளத்தை விட மனமில்லை. இந்த மலையில் நான் நின்ற இடமெல்லாம் சரிவு. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. அப்படியே வயதும் ஏறிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் மட்டமாகக் கிடந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். மேகம்கூட அங்கேதான் வந்து சற்றே உட்கார்ந்து போகும். அதை டயருக்குக் கொடுப்பதா?

2. கயிறு பிடித்தோம்

என்னோடு வேலை செய்தவள் மல்லிகா. நெடுங்காலம் கொழுந்தெடுத்தவள், கை எவ்வளவு வேகமோ, வாயும் அவ்வளவு வேகம். இருவருமாகத் தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, நாற்காலியைக் கரையேற்றினோம்.

"எத்தனை செடி வைக்கிறதுண்ணே?" என்றாள்.

தேயிலைக்காரனிடம் கேட்டால் என்ன பதில் வரும்? கயிறு பிடி, முளை அடி. தேயிலைக்கு நாலடிக்கு ரெண்டடி. இது பூவாயிற்றே, கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று நாலடிக்கு நாலடி வைத்தேன். வெறுங்குளத்துக்குள் இறங்கிக் கயிறு கட்டி, வரிசை பிசகாமல் முளை அடித்தோம். முப்பது வந்தது. ஓரத்துச் சவுக்கு மரத்தின் நிழல் விழும் மூலையையும் விடவில்லை. மலையில் ஒரு செடி பட்டுப்போய் இடம் காலியாகத் தெரிந்தால், மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கையாவின் பிரம்பு அங்கேதான் நீளும். 'இது என்ன, வழுக்கை மண்டையா?' என்பார். அந்தக் கூச்சம் எங்கள் எலும்பு வரைக்கும் ஊறியது.

செடி வாங்கக் கினிகத்தேனைக்குப் போனேன். ரோட்டோரத்தில் தொட்டிகளை வரிசையாக வைத்து மானெல் விற்கும் சிங்களவர். அல்லியை அவர்கள் மானெல் என்பார்கள். குளத்தின் அளவைக் கேட்டுவிட்டு, "பத்து போதும் அண்ணே" என்றார்.

"முப்பது குடுங்க."

"முப்பதா? மீன் எங்க போகும்?"

"மீன் கீழ போகும்."

சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டார். களிமண் நிரப்பிய பேசின்களில் நட்டு, மண் கரையாமல் மேலே கூழாங்கல் பரப்பி, முளை அடித்த இடத்தில் ஒவ்வொன்றாக இறக்கினோம். அப்புறம் தண்ணீரும் விட்டு, மீனும் விட்டோம். குட்டி இலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து கண் திறந்தன. எனக்கு அன்று சோறுகூட இரண்டாம்பட்சம்தான்.

3. கீரைப்பாத்தி

மழையும் பனியும் போய் வெயில் விழத் தொடங்கியதும் குளம் நிறைந்தது. நிறைந்தது என்றால், தண்ணீரே தெரியவில்லை. இலைக்கு மேல் இலை ஏறி, படுக்க இடமில்லாமல் எழுந்து நின்றன. மொட்டுகள் அடியில் மாட்டிக்கொண்டு அங்கேயே அழுகின. வெளியே வந்த பூ ஒன்றிரண்டு. விடியலில் மீன்கள் இலை இடுக்கில் வாயை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

மேனேஜர் மேல்மாடியிலிருந்து குனிந்து பார்த்தார்.

"கங்காணி, நான் குளம் கேட்டேன். நீங்க கீரைப்பாத்தி போட்டு வச்சிருக்கீங்க."

மல்லிகா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கூடையை மாட்டிட்டு வந்தா கொழுந்தே எடுக்கலாம்ண்ணே" என்றாள்.

சீசனுக்கு அதிக நாளில்லை. டிராக்டர்க்காரரும் ஒரு தடவை வந்து, எத்தனை லோடு மண் பிடிக்கும் என்று பார்த்துவிட்டுப் போனார்.

4. ஒன்று எடுத்து, ஒரு தடவை பார்த்து

உயிரோடு இருக்கிற செடியைப் பிடுங்குவது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. மலையில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும். முதல் பேசினைத் தூக்கும்போது, யாராவது பார்க்கிறார்களா என்று மல்லிகா சுற்றிப் பார்த்தாள்.

முதலில் சவுக்கு நிழலில் இருந்தவற்றை எடுத்தோம். வெயில் படாத இடத்தில் அல்லி இலைதான் விடும். பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. அப்புறம் கணக்கை விட்டுவிட்டோம். அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒன்றைத் தூக்குவாள்; நான் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

"போதுமாண்ணே?"

"இன்னொன்னு எடு."

"ஒங்களுக்கென்ன, மாடியில நிக்கிறீங்க. எனக்குக் கால் வெறைச்சுப் போச்சு."

பத்துக்கு வந்தபோது அவள் நின்றுவிட்டாள். "கடைக்காரரும் இதைத்தானே சொன்னாரு." சரிதான், ஆனால் அவர் சொன்னது முழுக் குளத்துக்கு; இங்கே நிழல் மூலை போக மீதி இடத்தில்தான் அந்தப் பத்தும் இருந்தன. இன்னும் மூன்றை எடுக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே எடுத்தாள். கலங்கல் அடங்கியதும் எதிர்மலை முழுசாகத் தலைகீழாக வந்து தண்ணீரில் படுத்தது. அதன் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் எறும்பு மாதிரி நகர்ந்தார்கள். நான் மாடிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னண்ணே, சத்தத்தைக் காணோம்?"

"வெளிய வா. போதும்."

ஏழு நின்றது. எடுத்தவை நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் வீட்டுக்கு ஒன்றாகப் போய்ப் பழைய பீப்பாய்களில் இறங்கின.

ஏப்ரலில் ஏழு செடியும் தள்ளித் தள்ளிப் பூத்தன, நீலமும் வெள்ளையும். விருந்தாளிகளோடு வந்த வேன்களை மேனேஜர் கீழே, முன்பு கொழுந்து நிறுத்த பழைய மடுவத்தடியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"அங்கேர்ந்து ரெண்டு வளைவு ஏறணுமே சார்" என்று ஒரு டிரைவர் முறைத்துக்கொண்டார்.

"ஏறுங்க. மேல வந்தா குளம் இருக்கு, ஒக்காந்துட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். நடுவில் வெறுமையாகக் கிடந்த தண்ணீரைக் கையால் காட்டினார்.

"அந்த எடம் சும்மாதானே கெடக்கு. அங்க ஒரு மூணு வைக்கலாமே?"

"வேணாங்கய்யா. எதிர்மலை வந்து படுக்குற எடம் அது. அதுக்குத்தான் மத்ததெல்லாம்."

 அவர் சரியென்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செடியை எண்ணத் தொடங்குமுன், எந்தத் தண்ணீரை விட்டுவைக்கப் போகிறீர்கள் என்று மாடியில் ஏறி நின்று முடிவு செய்யுங்கள். அந்த இடத்தில் யார் சொன்னாலும் நடாதீர்கள்.