வண்டல் எடுத்த ஏரி

நான். என் வீட்டுக்காரி. எங்கள் மகள், அப்போது ஆறு வயது. என் அக்கா. அக்கா வீட்டுக்காரர், அவரை மாமா என்பேன். இவ்வளவு பேர்தான் அன்று போனோம்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். கோடைக்காலம். நாங்கள் நெசவுக்காரர்கள். அமாவாசை அன்று தறியில் உட்கார மாட்டோம். அந்த ஒரு நாள் எங்காவது போய் நீந்திவிட்டு வரலாம் என்று முடிவானது.

எந்த ஏரி என்பதில் பேச்சு வந்தது. பக்கத்து ஏரியில் மதகு ஓரம் ஆழம் அதிகம். ஆளை முழுங்கின ஏரி. அங்கே வேண்டாம் என்றாள் என் வீட்டுக்காரி. கொஞ்சம் தூரத்தில் இன்னொன்று இருந்தது. அகலமான ஏரி, கரையில் மணல். கல்யாணத்துக்கு முன் நான் அதில் நடந்தே அக்கரை போயிருக்கிறேன். இடுப்புக்கு மேல் நனைந்ததில்லை. குழந்தை வருகிறதே, இதுதான் சரி என்றேன். மாமா சிரித்தார்.

“இடுப்பளவு தண்ணில நீச்சலாடா? உன் பொண்டாட்டி மெதப்பா. நீதான் கல்லு.”

புளிச்சோறு கட்டிக்கொண்டு விடியற்காலையில் நடந்தோம்.

ஏரியில் தண்ணீர் பாதிதான். வெள்ளையாக, அசையாமல் கிடந்தது. கரைமேல் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் தழை இழுக்கிற நீளமான தொரட்டி. நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டுவதைப் பார்த்ததும் தெலுங்கில் கத்தினாள்.

“திகொத்து நாயனா, திகொத்து.”

இறங்காதே என்கிறாள். எங்களுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது எல்லைச் சண்டை நடந்த சமயம். போன சந்தையில்கூடத் தமிழ்க்காரன், தெலுங்குக்காரன் என்று வாய்ச்சண்டை. எங்கள் ஏரியில் நீ எப்படி இறங்கலாம் என்று கேட்கிறாள் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உன் ஏரிய சுருட்டிக்கினு போயிட மாட்டோம், போம்மா” என்றார். அக்காவும் என் வீட்டுக்காரியும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

சேறு வழவழவென்று இருக்கிறது என்று மகள் கால் வைக்க மாட்டேன் என்றாள். தோளில் ஏற்றிக்கொண்டேன். முழங்கால் அளவு. தொடையளவு. அடுத்த அடிக்குத் தரை இல்லை.

தலைக்கு மேல் தண்ணீர். கால் போய் நின்ற இடம் களிமண். கணுக்கால் வரை பிடித்துக்கொண்டது. தோளில் இருந்தவளை இரண்டு கையாலும் மேலே தூக்கினேன். அவள் உதைப்பது தெரிந்தது. அவள் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா, அது தெரியவில்லை. காலைப் பிடுங்கிப் பக்கத்து மண்சுவரில் வைத்தால் மண் சரிந்து வந்தது. கண்ணைத் திறந்தால் பால் மாதிரி வெளுப்பு. அதில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு கையில் இருந்த பாரம் போய்விட்டது.

யாராவது எடுத்தார்களா, நழுவிவிட்டாளா? கீழே தடவினேன். சேறு. இன்னும் தடவினேன். சேறுதான்.

என் அக்குளில் ஏதோ மாட்டி மேலே இழுத்தது. தலை வெளியே வந்தது. அந்த ஆடு மேய்க்கிற பெண் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். இடுப்பில் என் மகள், இருமிக்கொண்டு. தொரட்டியின் கொக்கி என் மேல். அவள் பின்னால் நின்று கம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர் மாமா. என்னைத் தேடி அவரும் பாயப் போனாராம். நில், இரண்டு பக்கமும் குழி, என் காலடியிலேயே வா என்று அவள்தான் அதட்டிக் கூட்டிவந்திருக்கிறாள்.

கரையில் நான் வாந்தி எடுத்தேன். என் வீட்டுக்காரி மகளைக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். போன கோடையில் ஏரி காய்ந்தது. வழக்கமாக வயலுக்கு வண்டல் எடுக்கும்போது மேலாகத்தான் சுரண்டுவார்கள். இந்த ஏரி மதராஸ் பக்கம் போய்விடும், இருக்கிற மண்ணையாவது அள்ளிக்கொள்வோம் என்று ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்து ஆளுயரத்துக்கு மேல் வெட்டிவிட்டதாம். கூடையில் அவளும் சுமந்தாளாம். வண்டி போன தடம் மட்டும் வெட்டாமல் விட்டது. அதன்மேல்தான் நடந்து வந்திருக்கிறாள்.

மாமா அவளைக் கும்பிட்டார். என்னைத் தப்பாக நினைக்காதே அம்மா என்று தெலுங்கில் சொன்னார். அவள் புளிச்சோற்றில் ஒரு கவளம் வாங்கித் தின்றுவிட்டு ஆட்டை ஓட்டினாள்.

ஏரி கடைசியில் எந்தப் பக்கமும் போகவில்லை, ஆந்திராவிலேயே நின்றது.

என் மகளும் வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டாள். யாராவது வேண்டாம் என்றால், அவர் எந்தப் பாஷை என்று இப்போது நான் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்கிறேன். அசையாமல் கிடக்கிற தண்ணீரைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். எனக்கு, அன்று புறப்படும் முன் அந்த ஆடு மேய்த்த பெண் கரைமேல் நின்று தண்ணீரில் ஒவ்வொரு இடமாகத் தொரட்டியை நீட்டிக் காட்டியதுதான் தெரிகிறது. மேலே அடையாளம் ஒன்றுமில்லை. பதினொரு குழி.