முட்டை மிதந்தது, நெல்லும் மிதந்தது

விவசாயிக்கே விவசாயம் சொல்லித்தரும் உத்தியோகம் என்னுடையது. இதே பாவத்தைச் செய்தவர்கள் படித்தால் தலையாட்டுவார்கள். தொண்ணூறுகளில் காணை என்ற ஊர்ப் பக்கம் வேளாண்மை அலுவலகத்தில் இருந்தேன்.

உப்பு மிச்சம்

விதைநெல்லைப் பிரிக்க உப்புத் தண்ணீர் போதும். சும்மா தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பைக் கரைக்கக் கரைக்கத் தண்ணீர் கனத்து, முட்டை மேலே வரும். எட்டணா நாணயம் அளவுக்குத் தலை காட்டினால் நெல்லைக் கொட்டலாம். பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும்.

இதை லூர்துசாமி என்ற விவசாயி வீட்டு வாசலில் செய்து காட்டினேன். கடையில் நான் வாங்கிப்போன முட்டை, உப்பே போடாத தண்ணீரில் ஜம்மென்று மிதந்தது. கெட்டுப்போன முட்டை. ஊரே பார்க்க மானம் போனது. லூர்துசாமி மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "பரவால்ல சார், உப்பு மிச்சம்."

கோழிக்குப் போன விதை

அவர் மனைவி மரியபுஷ்பம் தந்த புது முட்டையில் ஒருவழியாகப் பாடம் முடிந்தது. மறுநாள் லூர்துசாமி சைக்கிளில் ஆபீசுக்கே வந்துவிட்டார். அரை ஏக்கருக்கு வைத்திருந்த விதையைத் தானே உப்புத் தண்ணீரில் கொட்டிப் பார்த்ததில் முக்கால்வாசி மிதந்துவிட்டதாம். வேறு விதை கிடையாது. மிதந்ததைக் கோழிக்குக் கொட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"கல்லுப்பு ஜல்தியா கரையட்டும்னு சுடுதண்ணி ஊத்தினேன் சார். ஆறினப்புறம்தான் நெல்லைக் கொட்டினேன்" என்றார்.

சூட்டில் தண்ணீர் லேசாகிவிடும். அதில் முட்டையை மிதக்கவைக்க இவர் கூடுதலாக உப்பைப் போட்டிருக்கிறார். ஆறியதும் தண்ணீர் அளவுக்கு மேல் கனத்து, நல்ல விதையையும் தூக்கிவிட்டது. பச்சைத் தண்ணீரில்தான் கரைக்கணும் என்று மடையன் நான் சொல்லவே இல்லை. அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினேன். வாசலில் நெல் கொட்டினபடியே கிடந்தது. மரியபுஷ்பம் அலுத்துக்கொண்டார்: "கோழிகூட வாய வைக்கல சார், அவ்ளோ உப்பு."

மூணாம் நாள்

கிடந்த நெல்லை அள்ளி வந்து, கரைசலில் தண்ணீர் ஊற்றி இளக்கி, முட்டை சரியாக நின்றதும் மறுபடி கொட்டினோம். பெரும்பகுதி மூழ்கியது. உப்புப் போக மூன்று முறை அலசி, ஊறவைத்து, சாக்கில் கட்டினோம். முளைக்குமா என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூணாம் நாள் சாக்கை அவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை. லூர்துசாமி சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரியபுஷ்பம்தான் கேட்டார்: "உங்க பேச்சைக் கேட்டுத்தான் விதை போச்சு, உங்க பேச்சைக் கேட்டுத்தான் திரும்பி வந்துச்சு. இப்ப உங்களுக்குக் காபி குடுக்கிறதா வேணாமா சார்?"

இந்த உத்தியோகத்தில் நம் பேச்சைக் கேட்காதவரால் ஒரு தொல்லையும் இல்லை, கேட்கிறவரை நினைத்தால்தான் தூக்கம் வராது.