கடைசிப் பல்சாப் பெட்டி

பச்சை நிறக் காகித மட்டைப் பெட்டி அது. மூடியில் மேகத்துக்குள் ஏறும் விமானப் படம். உள்ளே பல்சா என்கிற, பஞ்சுபோல் பாரமில்லாத மரத்தின் பலகைகள், மெல்லிய தாள், இறப்பர் நாடா. எங்கள் ஸ்டோர் கீப்பர் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார். வெட்டமாட்டார்.

நாங்கள் வேலை பார்த்த துறைமுகக் கந்தோரில் பொம்மை விமானம் கட்டுகிற பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும்தான். அவர் மனைவியை இழந்தவர். நான் பாலையூற்றில் அறை எடுத்திருந்த தனிக்கட்டை. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்திய பிறகு ஒரு பெட்டிகூட வரவில்லை. மிஞ்சியது அவருடைய இந்தப் பெட்டி மட்டும். பலகையில் அச்சடித்த வடிவங்களை மெல்லிய தாளில் பிரதி எடுத்து, சல்லி ஊர்க் கடற்கரையில் பொறுக்கிய கட்டுமரத் துண்டுகளைச் சீவி அதன்படி வெட்டுவோம். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே கழிந்தன. ஒட்டு காயும்வரை இறக்கையை ஒருவர் பிடிக்க, மற்றவர் நூல் சுற்றுவார். கட்டியதெல்லாம் பாரம் தாங்காமல் மூக்குக் குத்தி விழுந்தன. விழுந்தாலும் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்காகவே நான் போனேன் என்பது பிறகுதான் விளங்கியது.

“இன்னொரு பெட்டி வரட்டும் தம்பி. பிறகு இதை ரெண்டு பேருமா வெட்டுவம்,” என்பார்.

ஒரு வருஷம் மாரிமழைக்கு முன் நெஞ்சு வருத்தம் முற்றி அவரைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புறப்படும்போது பெட்டியை என் கையில் தந்தார். “என்ர வீடு ஒழுகும். உங்களிட்ட இருக்கட்டும், வந்து எடுக்கிறன்.”

மூன்று மாதமாகியும் ஒரு கடிதமில்லை. கந்தோர்ப் பியோன் கையை விரித்தான்: “அந்தாள் தப்பாது ஐயா.” எல்லோரும் அப்படியே முடிவுகட்டினார்கள், நானும்தான். விடாத மழை, பேச ஆளில்லாத அறை. அவருடைய பெட்டியைத் திறந்து சவர பிளேட்டை எடுத்தேன். பிரதி எடுக்கவில்லை, நேரே பலகையில் வைத்து வெட்டினேன். பல்சா பாண் துண்டு போல மெத்தென்று வெட்டுப்பட்டது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அந்த ஒரு வாரமும் சந்தோஷமாகவே இருந்தேன்.

மழை விட்டதும் சல்லிக் கரைக்குக் கொண்டுபோனேன். நாடாவை முறுக்கி விட்டதும் அது ஏறியது, வளைந்தது, அலைக்கு மேலே போய்த் திரும்பி மணலில் மெதுவாக இறங்கியது. எங்கள் விமானம் ஒன்று அப்படிப் பறந்ததே இல்லை. “அண்ணை, பார்த்தீங்களோ!” என்று ஸ்டோர் கீப்பர் பக்கத்தில் நிற்பதுபோல் திரும்பினேன். தூரத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்.

அடுத்த மாதம் ஒரு காலை, ஸ்டேஷனிலிருந்து நேரே என் அறைக்கு வந்து நின்றார் அவர். பாதியாக மெலிந்திருந்தார். கையில் ஒரு பார்சல். “ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரரின்ர மகன் கப்பல்ல வேலை. சொல்லி எடுப்பிச்சனான்,” என்று பிரித்துக் காட்டினார். அதே பச்சைப் பெட்டி. “இப்ப வெட்டலாம், என்ன?”

பிறகுதான் நிமிர்ந்தார். கூரை வளைமரத்தில் விமானம் தொங்கியது.

வெகுநேரம் பார்த்தார். கோபமே இல்லை. “வடிவாக் கட்டியிருக்கிறீங்கள்,” என்றார். பிறகு, மிகவும் மெதுவாக, “நான் வரமாட்டன் எண்டு நினைச்சிட்டீங்கள், என்ன தம்பி?”

இல்லை அண்ணை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு பொய் போதும். இறக்குமதி மறுபடி திறந்து, இன்றைக்குக் கடைத்தெருவில் விதவிதமாகப் பெட்டிகள் தொங்குகின்றன. அந்தப் பொய்யை நான் எத்தனையோ தடவை தனியே சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு என் வாய் திறப்பதற்குள் அவர் பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.