பூக் கட்டிய மார்பு

மல்லிகைப் பூ வாசம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. கல்யாண வீட்டில் யாராவது தலைக்கு நீட்டினால் கையைத் தள்ளிவிடுவேன். பிடிவாதக்காரி என்கிறார்கள். இருக்கட்டும்.

மகன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பக்க மார்பு கல்லாகிச் சிவந்து, சட்டை பட்டாலே உயிர் போனது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. மாமி தொட்டுப் பார்த்தார். பால் கெட்டுவிட்டது, குடித்தால் பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்று தீர்ப்புச் சொன்னார்.

சல்லி அம்மன் கோயிலுக்கென்று வாங்கி வைத்திருந்த மல்லிகையை என் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்றினால் வீக்கமும் வற்றுமாம். பூக் கட்டுவது யாருக்கு என்று அவருக்குத் தெரியாதா? பிள்ளை செத்துப் பிறந்தவளுக்கு. என் அக்காவுக்குக் கட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். என் பிள்ளை சாகவில்லை. அடுத்த அறையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். என் பிள்ளை அழுததற்குப் பால்மாவைக் கரைத்தார்கள். அதையும் துப்பினான்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பல் சாமானைத் தூக்குகிற மனிதரால் தாய்க்கு முன்னால் ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை. அம்மா மூன்று பிள்ளை பெற்றவ, அவவுக்குத் தெரியாததா என்றார். மூன்றில் மூத்தவள் கைக்குழந்தையிலேயே போய்விட்டாள். அவளைப்பற்றி அந்த வீட்டில் கதைப்பதில்லை.

கட்டை அவிழ்த்துப் பூவை முற்றத்தில் வீசினேன்.

"ஆட்டோவைக் கூப்பிடுங்கோ. இல்லாட்டிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து போவன்."

கூப்பிட்டார். மாமியும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதினார். அதைக் குடித்துக்கொண்டே பால் கொடுக்கலாம் என்றார். தாதி ஒருவர் என்னைச் சாய்த்து உட்காரவைத்தார். மார்பைப் போட்டுப் பிசையக்கூடாது, குளிர்ந்த துணி வைத்தால் நோவு குறையும், பாலைத் தேங்கவிட்டால்தான் கூடும் என்று சொல்லிக்கொண்டே மகனை அந்த வீங்கிய பக்கத்திலேயே பிடிக்கவைத்தார். நான் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தேன். அவன் விழுங்குகிற சத்தம் கேட்டது. அழுகை வந்தது. நோவால் இல்லை, ஆத்திரத்தால். இந்தப் பாலையா கெட்டது என்றார்கள்?

மாமி தாதியின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸி, அந்தக் காலத்திலயும் இப்பிடிக் குடுத்திருக்கலாமோ?"

"ஓம் அம்மா. குடுத்திருக்கலாம்."

மாமி கதிரையில் இருந்துவிட்டார். தனக்கும் இதேபோல் பூக் கட்டினார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மூத்தவளுக்குப் பால்மாவைத்தான் கரைத்துக் கொடுத்தார்களாம். வயிற்றோட்டத்தில் போனாளாம்.

எனக்கு இரக்கம் வரவில்லை. பட்டவளே எனக்கும் அதைச் செய்தாளே என்றுதான் கொதித்தது. அவருக்குப் பூக் கட்டியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அவர்களைக் கேட்க வேண்டியதையும் சேர்த்து அவரிடமே கேட்டேன்.

"தாய்ப்பால் குடிச்சோ மாமி அவள் செத்தவள்?"

மகன் வாயை எடுத்து, போதாமல் சிணுங்கினான். மாமி எழுந்து வந்து அவனைத் தூக்கி, மறுபக்கத்தில் பிடிக்கவைத்தார்.